ஓட்டை டிரம் விருது

அந்தப் பாட்டை எழுதியவள் நான்தான்.
சொன்னால் முதலில் சிரிப்பு வரும்,
பிறகு, "நிஜமாவா?"
பிறகு என் செருப்பைப் பார்ப்பார்கள்,
பணமெல்லாம் எங்கே போனது என்று.

ஃப்ரிட்ஜுக்குள்ளே சூரியன்.
பல்லவியே அவ்வளவுதான். நான்கு முறை.
ஐந்தாவது முறை ரெஜினால்ட் தொண்டை கிழியக் கத்துவான்.
தமீம் டிரம்ஸ் அடிப்பது
மீன் வண்டி கவிழ்ந்த மாதிரி இருக்கும்.
எங்கள் ராக் குழுவுக்குப் பெயர் மீட்டர் வட்டி.

பதினொரு வாரம் எஃப்எம்மில் முதலிடம்.
ஷேர் ஆட்டோவில், காதுகுத்தில்,
பெசன்ட் நகர் பஜ்ஜிக் கடையில்,
கேஸ் புக் பண்ண போன் போட்டால்
காத்திருக்கும் நேரத்தில்.

"தமிழ் ராக் காலமானது. காரணம்: குளிர்"
என்று எழுதியது ஒரு வார இதழ்.
மயிலாப்பூரில் சபா கேண்டீனில்
முன்பின் தெரியாத ஒருவர்
கீரை வடையை என் பக்கம் நீட்டி,
"ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டியது சூரியனை இல்லம்மா,
அந்தப் பாட்டை" என்றார்.
சட்னி நன்றாக இருந்தது. அவர் சொன்னதும்தான்.

கீபோர்டு ஹரிஹரசுதன்
பயோடேட்டாவிலிருந்து அதை எடுத்துவிட்டான்.
பங்குத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

பிறகு அந்த அழைப்பு.
கிண்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி.
ஆண்டின் ஆக மோசமான பாடலுக்கு
ஓட்டை டிரம் விருது.
யாரும் வாங்க வரமாட்டார்கள்,
அதுதான் அதன் வேடிக்கையாம்.
நான் போனேன்.
அன்று வேறு வேலை இல்லை.
தவிர, மதியச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தது.
வாசலில் வாட்ச்மேன்,
"பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்" என்றார்.

விருதின் மேல் என் பெயர்: பொற்கோடி.
கொடியைக் கோடி ஆக்கியிருந்தார்கள்.
"அவ்வளவு வரலை தம்பி" என்றேன்.
தமீம் தங்கையின் கல்யாணம்,
ரெஜி அப்பாவின் நெஞ்சுக்கு இரண்டு ஸ்டென்ட்,
எனக்கு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்.
முடிந்தது கணக்கு.

ஆயிரம் பேர் எழுந்து பாடினார்கள்,
சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு.
இரண்டாவது சரணம் எனக்கே மறந்திருந்தது.
அவர்களுக்கு மறக்கவில்லை.
கிண்டல் செய்யவா
இத்தனை சுத்தமாக மனப்பாடம் செய்வார்கள்?
ரெஜி தாளம் தப்பும் அந்த ஒரே இடத்தில்
அவர்களும் சரியாகத் தப்பினார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் மைக்கை வாங்கி,
"அக்கா, ஃப்ரிட்ஜுக்குள்ள சூரியனை எப்படி வச்சீங்க?"
அரங்கம் குலுங்கியது.
"இடம் இருந்துச்சு" என்றேன்.
இன்னும் குலுங்கியது.

சூளைமேட்டு மாடி அறை. மே மாதம்.
டியூப்லைட் சோக் போய் நான்காம் நாள்.
சோக் வாங்கும் காசில் கிட்டார் கம்பி வாங்கியிருந்தோம்.
அமைந்தகரையில் பழசாக வாங்கிய ஃப்ரிட்ஜ்,
உள்ளே அரை எலுமிச்சை,
தமீமின் கண் சொட்டு மருந்து,
பதினைந்து வாட் மஞ்சள் பல்பு.
கதவைத் திறந்து வைத்துத் தரையில் உட்கார்ந்தோம்,
முகத்தில் குளிரும் முதுகில் வேர்வையுமாக.
மீட்டர் சுற்றும் வேகத்தைப் பார்த்துவிட்டு
வீட்டுக்காரர் கீழேயிருந்து கத்தினார்.
கண்ணெதிரே இருந்ததை எழுதினேன்.
கற்பனை எனக்கு அப்போதும் கம்மி.

இதை மேடையில் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்,
உச்சுக் கொட்டியிருப்பார்கள்.
அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமில்லை.

வத்தக்குழம்பில் உப்பு தூக்கல்.
திரும்பும்போது கண்டக்டர்
டிரம்முக்குத் தனியாக லக்கேஜ் போட்டார்,
டிக்கெட்டைக் கிழித்தபடியே
எதையோ முணுமுணுத்தார்.
எது என்று நான் கேட்கவில்லை.

புது ஃப்ரிட்ஜில் வெள்ளை வெளிச்சம்,
ஆஸ்பத்திரி வராந்தா போல.
திறந்தால் மூடத்தான் தோன்றுகிறது.
டிரம்மில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.
ஓட்டை வழியாகக் காற்று போய் வருகிறது,
முளைப்பதே இல்லை.